கடல் அட்டையை இனங்கண்ட வரலாறு

அட்டை என்ற சொல்லை நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மழைக்காலத்தில் இருட்டோடு எழுந்து பால்மரம் வெட்டப் போகிற தாய்மார்களின் கணுக்காலைக் கேட்டால் அதுவே சொல்லும். ஈரப் புல்லிலிருந்து ஏறி, ஒரு சிறு வலிகூட இல்லாமல் கடித்து, வயிறு புடைக்கக் குடித்துவிட்டுத் தானே விழுந்துவிடும். சுண்ணாம்பும் உப்பும் புகையிலைத் தண்ணீருமாக அதனோடு நாம் மூன்று தலைமுறையாகப் போராடி வந்திருக்கிறோம். ஆகவே சில ஆண்டுகளுக்கு முன் ஐந்தாம் வகுப்பில் ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, கடலிலும் அட்டை இருக்கிறதாமே, அதுவும் ரத்தம் குடிக்குமா?" என்று கேட்டபோது, "அட்டை என்றால் குடிக்காமல் இருக்குமா?" என்று நாம் சற்றும் யோசிக்காமல் பதில் சொல்லிவிட்டோம். வகுப்பே சிரித்தது. அந்தப் பதில் முழுத் தவறு. இன்றைய உரை அந்தத் தவற்றைத் திருத்திக்கொள்ள எடுத்த முயற்சி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சென்ற பள்ளி விடுமுறையில் சிங்கப்பூருக்குப் போயிருந்தோம். நம் தங்கையின் குடும்பம் ஜாலான் புசாருக்கு அருகில் அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கிறது. ஜாலான் புசார் என்றால் மலாய் மொழியில் பெரிய சாலை என்று பொருள். இன்று இரும்புச் சாமான் கடைகளும் உணவுக் கடைகளுமாக இருக்கும் அந்த வட்டாரம் ஒரு காலத்தில் ரோச்சோர் ஆற்றுக்கும் காலாங் ஆற்றுக்கும் இடைப்பட்ட சதுப்பு நிலம். 1923-இல் அங்கே நியூ வோர்ல்ட் கேளிக்கைப் பூங்கா திறந்தது, 1929-இல் விளையாட்டரங்கம் வந்தது. சிராங்கூன் சாலையிலிருந்து குறுக்குச் சந்து ஒன்றில் நுழைந்தால் நடந்தே போய்விடலாம். அந்த வட்டாரத்தில் பிரெஞ்சு ரோட்டுப் பக்கம் உலர்ந்த கடல் உணவுகளை மொத்தமாக விற்கும் சீனர் கடைகள் வரிசையாக இருக்கின்றன. கருவாடு, உலர்ந்த இறால், காளான், சிப்பித் தசை என்று சாக்குச் சாக்காக அடுக்கியிருப்பார்கள். தங்கையின் மாமியார் நெத்திலி வாங்கப் புறப்பட்டபோது நாமும் பை தூக்கிக்கொண்டு உடன் போனோம்.

கடையின் உள்பக்கத்தில் கண்ணாடி ஜாடிகளில் கருத்துச் சுருண்ட கட்டைகள் இருந்தன. பார்ப்பதற்குக் கரிந்த கத்தரிக்காய் போல. நாம் கண்டுகொள்ளாமல் நடந்தோம். அந்த அம்மாள் நின்றுவிட்டார். அவர் பிறந்தது மண்டபத்துக்கு அருகில் ஒரு கடற்கரைச் சிற்றூர். வாழ்க்கைப்பட்டுச் சிங்கப்பூருக்கு வந்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஜாடியை விரலால் தொட்டு, "தம்பி, இது எங்க ஊரு வெள்ளை அட்டை. எங்கப்பா முக்குளிச்சு எடுத்துக்கிட்டு வருவாரு. நாங்க பிள்ளைகள் உட்கார்ந்து தேய்ப்போம்" என்றார். கடைக்காரப் பெரியவருக்கு மலாய் தெரியும். நாம் ஆசிரியர் என்று அறிந்ததும், "சிக்கு, இதில் வயிற்றைப் பார்க்க வேண்டும், முதுகைப் பார்த்து ஏமாறக்கூடாது" என்று சொல்லி ஒன்றை எடுத்துப் புரட்டிக் காட்டினார். ஒரே பொருளைப் பற்றி இரண்டு மொழிக்காரர், ஒருவரை ஒருவர் அறியாமலே, ஒரே கல்வி கற்றிருந்தார்கள். அந்தக் கல்விக்கு ஒரு நீண்ட சரித்திரம் உண்டு.

முதலில் அந்தப் பிராணியைத் தெரிந்துகொள்வோம். நம் தோட்டத்து அட்டை மண்புழுவுக்கு உறவு. கடல் அட்டையோ நட்சத்திர மீனுக்கும் கடல் முள்ளெலிக்கும் உறவு. விலங்கியலார் இக்கூட்டத்தை முட்தோலிகள் என்பர். நட்சத்திர மீனுக்கு ஐந்து கை இருப்பதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அந்த ஐந்து என்ற கணக்கு கடல் அட்டையின் உடம்பிலும் மறைந்திருக்கிறது. வெள்ளரிக்காயைப் படுக்க வைத்தது போல் அது கடலடியில் கிடக்கும். ஒரு முனையில் வாய், மறு முனையில் கழிவுத் துளை. வாயைச் சுற்றிச் சிறு சிறு கைகள் உண்டு. விலைக்குப் போகும் வகைகள் பலவற்றில் இருபது இருக்கும். அவற்றால் மணலை அள்ளி அள்ளி வாயில் போட்டு, அதில் ஒட்டியுள்ள மக்கிய பொருளைச் செரித்துக்கொண்டு, சுத்தமான மணலைப் பின்னால் தள்ளிவிடும். இரத்தம் குடிப்பதில்லை, கடிப்பதில்லை, கடிக்கப் பல்லும் இல்லை. வாயில்தான் இல்லை என்று சொல்ல வேண்டும். ஏனென்றால் ஓர் இனத்திற்குக் கழிவுத் துளையைச் சுற்றி ஐந்து சுண்ணாம்புப் பற்கள் உண்டு! மூச்சு விடுவதும் பெரும்பாலான வகைகளுக்கு அந்தத் துளை வழியாகத்தான். பிள்ளைகள் சிரிக்கட்டும். சிரித்தால் மறக்காது.

உலகில் சுமார் 1,700 வகைக் கடல் அட்டைகள் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். சமையலுக்கு விலைபோவது அவற்றில் சிறு பகுதியே. எது விலைபோகும், எது போகாது என்று பிரிக்கும் தேவைதான் மனிதனை அதன் உடம்பை உற்றுப் பார்க்க வைத்தது. இதை நாம் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். விஞ்ஞானிகள் நுண்ணோக்கியுடன் வருவதற்கு முன்பே வியாபாரிகளும் முக்குளிப்பவர்களும் வகை பிரித்துவிட்டார்கள்.

சீனர்கள் கடல் அட்டையைக் கடலில் விளைந்த ஜின்செங் என்ற பொருள்படும் பெயரால் அழைத்து, மருந்தாகவும் விருந்தாகவும் கொண்டாடுகிறார்கள். அவர்களுடைய அடுப்புக்காகச் செலிபிஸ் தீவின் மக்காசாரிலிருந்து பாய்மரப் படகுகள் ஆஸ்திரேலியாவின் வடகரைவரை போய்வந்தன. மலாய் மொழியில் அதற்குத் திரிப்பாங் என்று பெயர். 1803-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் மாத்தியூ பிளிண்டர்ஸ் என்ற ஆங்கிலக் கப்பல் தலைவர் அந்தக் கரையில் ஆறு படகுகளைக் கண்டு, ஆயுதங்களைத் தயார் செய்துகொண்டு நெருங்கினார். கொள்ளைக்காரர்களோ என்ற பயம்! வந்தவர்களோ அட்டை பிடிக்க வந்தவர்கள். பொபாசூ என்ற அவர்களின் தலைவர், அறுபது படகுகளும் ஆயிரம் ஆட்களும் அந்தப் பருவத்தில் வந்திருப்பதாகச் சொன்னார். பிளிண்டர்ஸின் கப்பலில் இருந்த சமையற்காரருக்கு மலாய் தெரிந்ததால் பேச்சு நடந்தது. அட்டையைப் பக்கவாட்டில் கீறி, வேகவைத்து, கல்லால் அழுத்தி, மூங்கில் குச்சி கொடுத்து விரித்து, வெயிலிலும் புகையிலும் உலர்த்துவதை அவர் எழுதி வைத்திருக்கிறார். ஆயிரம் அட்டை சேர்ந்தால் ஒரு பிக்கல், அதாவது ஏறத்தாழ அறுபது கிலோ. கறுப்பு வகைக்குப் பிக்கலுக்கு 40 டாலர், வெள்ளை அல்லது சாம்பல் வகைக்கு 20 டாலர் என்பது அவர் கேட்டறிந்த விலை. நிறத்தைப் பார்க்கத் தெரியாதவன் பாதிப் பணத்தை இழப்பான் என்பது இதிலிருந்து தெரிகிறது அல்லவா? இந்தப் பயணங்கள் அடுத்த நூற்றாண்டுவரை தொடர்ந்து, 1907-இல் ஆஸ்திரேலிய அரசின் தடையால் நின்றன.

பிளிண்டர்ஸ் இரண்டு வகையைத்தான் கேள்விப்பட்டார். 1820-இல் ஜான் கிராபர்டு என்பவர் இந்தத் தீவுக்கூட்டத்தின் வரலாற்றை எழுதியபோது, மக்காசார் சந்தையில் முப்பதுக்குக் குறையாத வகைகளைப் பெயர் சொல்லிப் பிரிக்கிறார்கள் என்று குறித்தார். அதே கிராபர்டு பின்னர் 1823 முதல் 1826 வரை சிங்கப்பூரை ஆண்ட அதிகாரி. ஜாலான் புசாரிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் கிராபர்டு ஸ்திரீட் வரும். அவர் பெயர்தான் அது, எழுத்தில் சற்றுப் பிசகி நிலைத்துவிட்டது. 1819-க்குப் பின் சிங்கப்பூர் சுங்கமில்லாத துறைமுகமானதும் பூகிஸ் இனத்தவரின் படகுகள் ஆண்டுதோறும் காற்றுப் பருவத்தில் கம்போங் கிளாம் பக்கம் வந்து நங்கூரமிட்டன. அவை கொண்டு வந்த சரக்குகளில் திரிப்பாங்கும் ஒன்று. இன்று பிரெஞ்சு ரோட்டுக் கடையில் ஜாடிக்குள் இருப்பது ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக அதே சுற்றுவட்டாரத்தில் கைமாறி வருகிற சரக்குதான்.

1833-இல் ஜெகர் என்ற ஐரோப்பிய அறிஞர் செலிபிஸ் தீவிலிருந்து கிடைத்த அட்டைகளை ஆராய்ந்து லத்தீன் மொழியில் ஒரு நூல் வெளியிட்டார். மண்டபத்து அம்மாள் வெள்ளை அட்டை என்றாரே, அதற்கு ஹோலோதூரியா ஸ்காப்ரா என்று அறிவியற்பெயர் வைத்தவர் அவரே. ஸ்காப்ரா என்றால் சொரசொரப்பு. மற்றொன்றுக்கு அத்ரா, அதாவது கறுப்பு என்று வைத்தார். பார்த்தீர்களா, அறிவியற்பெயரும் தொட்டுப் பார்த்து, கண்ணால் பார்த்து வைத்த பெயர்தான்.

நம் தமிழ்க் கடற்கரையில் வைத்திருக்கும் பெயர்கள் அவற்றுக்குக் குறைந்தவை அல்ல. பாக்கு நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் அட்டைத் தொழிலைச் சீனர்கள்தாம் நெடுங்காலத்துக்கு முன் தொடங்கி வைத்தார்கள் என்பது வழிவழிச் செய்தி. சங்கு குளிக்கும் ஊர்களில் இதுவும் சேர்ந்து வளர்ந்தது. 1917-இல் சென்னை மாகாண மீன்துறையைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹார்னெல் இத்தொழிலின் பழைய வரலாற்றையும் அது மீண்டும் துளிர்த்ததையும் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். அந்தக் கரையில் முக்குளிப்பவர்கள் எப்படி இனம் காண்கிறார்கள் என்று நாம் அம்மாளிடம் கேட்டோம். நூல்களில் படித்ததோடு அது அச்சாகப் பொருந்தியது.

வெள்ளை அட்டைக்கு முதுகு சாம்பலாகவோ கருமையாகவோ இருக்கும். குறுக்கே ஆழமான சுருக்கங்கள் ஓடும். புரட்டினால் வயிறு வெளுத்து, பொடிப்பொடியாகக் கரும்புள்ளிகளுடன் தட்டையாக இருக்கும். முதுகு கறுப்பாயிருக்க வெள்ளை என்று ஏன் பெயர்? வயிற்றைப் பார்த்து வைத்த பெயர் என்றே நமக்குத் தோன்றுகிறது. சீனப் பெரியவர் சொன்னதும் அதுதானே. ராஜ அட்டை பழுப்பு நிறம், உடம்பெல்லாம் கூர்மையான முள் போன்ற நீட்சிகள், கையில் குத்தும். குச்சி அட்டை ஒல்லியாக நீண்டு கன்னங்கரேல் என்றிருக்கும். மேலே மணலைப் பூசிக்கொண்டு கிடந்தாலும் முதுகில் இரண்டு வரிசையாக வட்ட வட்டமாக மணல் ஒட்டாத இடம் தெரியும். தேய்த்தால் கையில் சிவப்புச் சாயம் ஒட்டும். ஜெகர் அத்ரா என்றது இதைத்தான். இதற்குச் சந்தையில் மதிப்புக் குறைவு. அன்னாசி அட்டை என்று ஒன்று உண்டு. முதுகு முழுவதும் இலை இலையாகக் கிளைத்த சதை நீட்சிகள், பெயரே படத்தை வரைந்துவிடுகிறது.

நூல் அட்டைதான் நமக்கு மிகவும் பிடித்தது. அதைச் சீண்டினால் பின்பக்கத்திலிருந்து வெள்ளை நூல்களைப் பீய்ச்சும். நீரில் பட்டதும் அவை நீண்டு, பசையாகி, சீண்டிய நண்டின் காலைக் கட்டிப்போடும். பால்மரத்தில் கோட்டில் வழியும் பாலை விரலால் தொட்டு இழுத்தால் நூலாக வருமே, அதே காட்சி. கையில் ஒட்டினால் உரித்தெடுப்பது பெரும்பாடு. அந்தக் கையால் கண்ணைத் தேய்க்கக் கூடாது, அட்டைகளின் உடம்பில் ஒருவகை நஞ்சு உண்டு. பசிபிக் தீவு மக்கள் சில வகை அட்டைகளை நசுக்கிப் பாறைக் குட்டைகளில் விட்டு மீனை மயங்க வைத்துப் பிடித்திருக்கிறார்கள்.

இனி, நம் வீடுகளில் உள்ள ஒரு புட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். லங்காவிக்கோ பங்கோருக்கோ சுற்றுலா போனவர்கள் கமாட் எண்ணெய் வாங்கி வராமல் திரும்புவதில்லை. வெட்டுக்காயம், சுளுக்கு, கைகால் குடைச்சல் எல்லாவற்றுக்கும் அதைத்தான் எடுக்கிறோம். அந்தக் கமாட்டும் கடல் அட்டையே. ஆனால் எல்லா அட்டையும் கமாட் அல்ல. மலாய் மீனவர்கள் மென்மையான தோலும், முதுகில் மருக்களும், குறுக்கே வெட்டினால் ஏறக்குறைய சதுரமாகத் தெரியும் உடம்பும் கொண்ட குடும்பத்தைத்தான் கமாட் என்பார்கள். மற்றவை தீமுன் லாவுட், கடல் வெள்ளரி. அந்த எண்ணெய் எவ்வளவு தூரம் குணப்படுத்தும் என்பது ஆராய்ச்சியாளர் பொறுப்பு. ஆழமான காயத்துக்கு மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும் என்பதை மட்டும் ஆசிரியர் என்ற முறையில் சொல்லி வைக்கிறோம்.

இவ்வளவு அடையாளங்களும் உயிரோடு இருக்கும்வரைதான். நீரைவிட்டு எடுத்ததும் அட்டை சுருங்கும், சில வேளை குடலையே வெளியே தள்ளிவிடும். வேகவைத்து, வெள்ளை அட்டையானால் மணலில் புதைத்து மேல்தோலை அழுகவிட்டுத் தேய்த்து, மறுபடி வேகவைத்துக் காய வைத்தால், பச்சை எடையில் இருபதில் ஒரு பங்குதான் மிஞ்சும். அம்மாளும் உடன்பிறந்தவர்களும் உட்கார்ந்து தேய்த்தது அந்தச் சுண்ணாம்புத் தோலைத்தான். அதற்குப் பிறகு நிறம் போய்விடும், முள் மழுங்கிவிடும், வாயும் கைகளும் உள்ளே இழுத்துக்கொண்டுவிடும். அப்போது விஞ்ஞானிகள் வேறு வழிக்குப் போகிறார்கள். அட்டையின் தோலில் கண்ணுக்குத் தெரியாத சுண்ணாம்புத் துகள்கள் பதிந்திருக்கின்றன. துணி வெளுக்கும் திரவத்தில் ஒரு சிறு துண்டைப் போட்டால் சதை கரைந்து துகள்கள் மட்டும் அடியில் தங்கும். நுண்ணோக்கியில் பார்த்தால் சில மேசை வடிவம், சில பொத்தான் வடிவம், சில வெறும் கம்பி. இனத்துக்கு இனம் வடிவமும் சேர்மானமும் மாறும்.

வகை தெரியாமல் போனால் என்ன நட்டம் என்று சிலர் கேட்கலாம். நட்டத்தை மன்னார் வளைகுடா கண்டது. அட்டை ஓடித் தப்பாது. அது முட்டையையும் விந்தையும் நீரிலேயே விடும் பிராணி, அருகருகே நிறைய இருந்தால்தான் இனம் பெருகும். விலை ஏற ஏற விளைந்ததும் விளையாததுமாக அள்ளினார்கள். 1982-இல் இந்திய அரசு மூன்று அங்குலத்துக்குக் குறைந்த உலர் அட்டையை ஏற்றுமதி செய்யக்கூடாது என்றது. அளவுகோல் எல்லா வகைக்கும் ஒன்றே. 1988-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் தூத்துக்குடியில் வெள்ளை அட்டையின் குஞ்சுகளைச் செயற்கையாகப் பொரிக்கச் செய்தார்கள். இந்தியாவில் அது முதன்முறை. அந்த நிலையத்தின் தலைமையகம் 1949 முதல் பல ஆண்டுகள் மண்டபம் கேம்பில் இருந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம்மவர்களைக் கப்பலேற்றுமுன் நோய்த்தடுப்புக்காக நிறுத்தி வைத்த இடமும் அதே மண்டபம் கேம்புதான். ஒரே மணலில் எத்தனை சரித்திரம்!

குஞ்சு பொரித்தும் கடல் நிரம்பவில்லை. 2001-இல் இந்திய அரசு கடல் அட்டைகள் அனைத்தையும் ஒட்டுமொத்தமாக வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. புலிக்கும் யானைக்கும் உள்ள பாதுகாப்பு அட்டைக்கும் வந்தது. வெள்ளை அட்டை, குச்சி அட்டை, ராஜ அட்டை என்ற வேறுபாடெல்லாம் சட்டத்தின் முன் அழிந்து போயிற்று. அழிவைத் தடுக்க அதுவே வழி என்பது ஒரு கட்சி. விலைபோகாத, நிறைந்து கிடக்கும் வகையையும் சேர்த்துப் பூட்டி எங்கள் பிழைப்பைக் கெடுத்தார்கள் என்பது முக்குளிக்கும் மக்களின் கட்சி. காய்ந்த அட்டையைப் பார்த்து வகை சொல்வது சுங்க அதிகாரிக்கு எவ்வளவு கடினம் என்று எண்ணிப் பார்த்தால், முழுத் தடையின் நியாயம் நமக்குப் புரிகிறது. ஆயினும் வகை பிரிக்கும் கல்வியைத் தலைமுறை தலைமுறையாகக் கையில் வைத்திருந்தவர்களைக் கேட்டிருக்கலாம் என்றும் தோன்றுகிறது. நீரிணையின் மறுகரையில், இலங்கையில், உரிமம் பெற்று அட்டை பிடிக்கிறார்கள். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் வெள்ளை அட்டைப் பண்ணைகள் நடக்கின்றன. அங்கும் பண்ணைகளுக்கும் சிறு மீனவர்களுக்கும் இடையே வழக்குகள் இல்லாமலில்லை. ஒரே கடல், ஒரே அட்டை. இந்தக் கரையில் தொட்டால் சிறை, அந்தக் கரையில் தொழில்.

கடையில் அம்மாள் அந்தப் பெரியவரிடம், இது எங்கிருந்து வந்தது என்று நம்மைக் கேட்கச் சொன்னார். கேட்டோம். இலங்கைச் சரக்கு என்றார் பெரியவர். அம்மாள் ஜாடியைப் பார்த்தபடியே, "எங்கப்பா இருந்திருந்தா இப்ப ஒண்ணு எடுத்தாலும் போலீஸ் புடிச்சிருக்கும்" என்றார். பிறகு நெத்திலிக்குப் பேரம் பேசத் தொடங்கிவிட்டார். ஜாடியின் விலையை நாம் கேட்டதற்குப் பெரியவர் சொன்ன தொகையில் நம் ஒரு மாதச் சம்பளத்தின் பெரும்பகுதி போயிருக்கும்.

ஊர் திரும்பியபின் ஜொகூர் பாருவில் ஒரு கடையில் மலிவான கறுப்பு வகையில் சிறியதாக ஒன்று வாங்கினோம். இரண்டு நாள் தண்ணீரில் ஊறவைத்ததும் அது பொருமிக்கொண்டு பழைய உருவத்துக்குப் பாதி திரும்பிவிட்டது. வகுப்பில் மேசைமேல் வைத்து, எது வாய், எது வால், எது முதுகு, எது வயிறு என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொன்னோம். பாதிப் பேர் வாயையும் பின்பக்கத்தையும் மாற்றிச் சொன்னார்கள். ஒரு துண்டை வெளுக்கும் திரவத்தில் போட்டு, அடியில் தங்கிய பொடியைக் கழுவிப் பள்ளி நுண்ணோக்கியில் வைத்தோம். வரிசையில் நின்று ஒவ்வொருவராக எட்டிப் பார்த்தார்கள். "ஐயா, கோயில் கோபுரம் மாதிரி குட்டி குட்டியா நிக்குது" என்றாள் ஒரு சிறுமி. முதலில் அந்தக் கேள்வியைக் கேட்ட மாணவன் இப்போது இடைநிலைப்பள்ளியில் படிக்கிறான். அவனை ஆள் அனுப்பி வரவழைத்து, அதே நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லி, அன்று சொன்ன பதில் தவறு என்று ஒப்புக்கொண்டோம்.